எர்த்து பார்க்கும் அமிர்தசாமி

பேட்டரியின் மூடிகளை ஒவ்வொன்றாகத் திருகி எடுத்துவிட்டு, மீன்குழம்புச் சட்டியை முகர்வதுபோல முகர்ந்துகொண்டிருந்தார் அமிர்தசாமி. மூன்றாவது மூடியில் மூக்கைச் சுருக்கினார். நான்காவதில் தலையை ஆட்டினார். ஆறாவதும் முடிந்ததும் நிமிர்ந்து, "பேட்டரி நல்ல பேட்டரிதான்பா. பட்டினி கெடக்குது, அவ்ளோதான்" என்றார்.

திண்டிவனத்தில் மயிலம் சாலை ஓரமாக, டயர் கடைக்கும் சோடாக் கடைக்கும் நடுவில் இருக்கிறது, வண்டிகளுக்கு எலெக்ட்ரிக் வேலை பார்க்கும் அவருடைய கடை. போகிற வருகிற லாரிகளுக்கெல்லாம் வெளிச்சம் போட்டுக் கொடுக்கிறவர்தான், ஆனால் அவருடைய கடையின் பல்பு ஃபியூஸ் போய் எட்டு மாதமாகிறது. கேட்டால், "பகல்ல இன்னாத்துக்குபா லைட்டு?" என்பார். சாயங்காலம் கேட்டால், "அதான் கட மூட்ற நேரமாயிடுச்சே" என்பார்.

மீட்டர் கீட்டர் எதுவும் அவரிடம் கிடையாது. இரண்டு வயர் கோத்த ஒரு சின்ன பல்பு மட்டும் உண்டு. வேலை இல்லாதபோது அதைக் காதில் மாட்டிக்கொள்வார். ஒரு பக்கம் மட்டும் ஜிமிக்கி போட்டாற்போல அது ஆடிக்கொண்டிருக்கும். சிரிக்கிறவர்கள் சிரிக்கலாம், ஆனால் அந்தப் பல்பு எரிகிற எரிப்பைப் பார்த்தே எந்த வயரில் என்ன குறை என்று சொல்லிவிடுவார்.

வண்டி வந்தால் உடனே கை வைக்கமாட்டார். "மொதல்ல கதைய சொல்லு" என்பார். எப்போது படுத்தது, கடைசியாக எப்போது நன்றாக ஓடியது, நடுவில் யார் யார் கை வைத்தார்கள், எல்லாம் சொல்லியாக வேண்டும். லாரிக்காரர்கள் "பேஜாரு பண்றியே, ஜல்தி பாருண்ணே" என்று குதிப்பார்கள். அவர் பீடியைப் பற்றவைத்துக்கொண்டு, "டாக்டர்கிட்ட போனா நாக்க நீட்டறல்ல? எனக்கு நாக்கு வாணாம், கத போதும்" என்பார். திட்டிவிட்டுப் போனவர்களே அறுவடை நாளில் வண்டியை நிறுத்தி, ஒரு மரக்கால் மல்லாட்டையை, அதுதான் வேர்க்கடலையை, அவர் கடையில் கொட்டிவிட்டுப் போவார்கள்.

எண்பத்தாறாம் வருஷம் ஐப்பசி மாதத்தில் அப்படிக் கதை சொல்ல வந்து நின்றவன்தான் டிரைவர் துரைக்கண்ணு. அவன் ஓட்டி வந்தது ஒரு ஜெர்மன் வண்டி. அந்த ஊர்க்காரர்கள் குடும்பத்தோடு ஊர் சுற்றி, உள்ளேயே சமைத்து, உள்ளேயே தூங்குவதற்காகச் செய்தது. யாரோ ஒரு புண்ணியவான் அதை இங்கே உள்ள கன்னியர் மடத்துக்குக் கப்பலில் அனுப்பிவிட, அது கிராமம் கிராமமாகப் போகும் மருந்து வண்டி ஆகிவிட்டது. உள்ளே கட்டில், விளக்கு, குட்டி ஃபிரிட்ஜ். அதற்கெல்லாம் கட்டிலுக்கு அடியில் தனியாக ஒரு பேட்டரி. எஞ்சின் ஓடும்போது அதற்கும் சார்ஜ் ஏற வேண்டும். ஏறவில்லை.

வெளியே சார்ஜ் போட்டு வைத்தால் ஒரு நாள் ஓடும், மறுநாள் படுத்துவிடும். விழுப்புரத்தில், சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டரைக் கழற்றி மாட்டினார்கள். ரிலே மாற்றினார்கள். கடைசியில் பேட்டரியையே புதிதாகப் போட்டார்கள். புதுசும் படுத்தது. மல்லாட்டை பிடுங்குகிற காலம். கொல்லையில் பிடுங்குகிறவர்களில் வாரத்துக்கு இரண்டு பேரையாவது பாம்பு கடித்தது. அதற்கான ஊசி மருந்து அந்த ஃபிரிட்ஜில்தான் இருந்தாக வேண்டும்.

இந்த நிலையில் மடத்து ஆபீஸில் ஒரு பேச்சு கிளம்பிவிட்டது. துரைக்கண்ணு ராத்திரியில் பேட்டரியைக் கழற்றி வீட்டுக்குக் கொண்டுபோய், டி.வி.யில் படம் பார்க்கிறானாம். அவன் வீட்டில் டி.வி.யே கிடையாது என்பதை யாரும் பொருட்படுத்தவில்லை. இன்றைக்குள் காரணம் தெரியாவிட்டால் வேறு டிரைவர் என்று முடிவாகிவிட்டது. சிஸ்டர் பாக்கியமேரி, மருந்தை ஐஸ் பெட்டியில் வைத்து மடியில் அணைத்துக்கொண்டு, தாமே கூட வந்திருந்தார்.

"கடைசியா நல்லா ஓடன நாளு எது?" என்றார், அந்தப் பட்டினிப் பேட்டரியை முகர்ந்து முடித்த அமிர்தசாமி.

"ஆயுத பூசைக்கு மொத நாளுண்ணே" என்றான் துரைக்கண்ணு.

அமிர்தசாமி அவனை ஒரு பார்வை பார்த்தார். எஞ்சினை ஓடவிட்டு, காதிலிருந்த பல்பை எடுத்தார். பேட்டரிக்கு வருகிற பிளஸ் வயரில் ஒரு முனை, வண்டியின் தகட்டில் மறு முனை. பல்பு பளிச்சென்று எரிந்தது. தகட்டிலிருந்து எடுத்துப் பேட்டரியின் மைனஸில் வைத்தார். அணையப்போகும் பீடிபோல மங்கியது.

"கரண்டு மாப்ளை மாதிரி சிஸ்டர். அழைச்சிக்கினு வந்தா மட்டும் போதாது, திரும்பிப் போறதுக்கும் வழி வுடணும். வர்ற வழி சரியா இருக்குது. திரும்பற வழிய எவனோ அடைச்சிட்டான்." எஞ்சினை நிறுத்தச் சொல்லிவிட்டு, கோணியை விரித்து வண்டிக்கு அடியில் நுழைந்தார். கொஞ்ச நேரம் சுரண்டும் சத்தம். பிறகு குரல் வந்தது: "துரைக்கண்ணு, நீயும் உள்ள வா."

வண்டிக்கு அடியில் இரண்டு தலைகள். அந்தப் பக்கம் சிஸ்டரின் வெள்ளைச் சேலை விளிம்பும் செருப்பும் தெரிந்தன.

பேட்டரியின் மைனஸ் வயர் வண்டியின் சட்டத்தோடு சேர்கிற போல்ட்டைக் கழற்றி வைத்திருந்தார் அமிர்தசாமி. அதுதான் எர்த்து. வயருக்கும் சட்டத்துக்கும் நடுவில் மஞ்சளாக ஏதோ, சிமெண்டு பூசியதுபோல இறுகிக் கிடந்தது.

"இன்னாபா இது?" என்றார் மெதுவாக.

"சந்தனம்ணே."

"சந்தனமா!"

"வண்டியில பொட்டு தெரியக்கூடாதுன்னு மடத்துல கண்டிசனா சொல்லிட்டாங்க. உசுருக்குப் போராடற ஆளுங்கள ஏத்திக்கினு போறேன். ஒரு பொட்டுகூட இல்லாம எப்பிடிணே ஓட்டறது? அதான், கண்ணுக்குத் தெரியாத எடமா பார்த்து..."

"அதுக்குன்னு எர்த்த கழட்டி, அடியில பூசி, மேல போட்டு முறுக்கினியா?"

"மேல வெச்சா மழையில கரைஞ்சிடும்ணே."

"குங்குமம்?"

"அதுவுந்தான்."

"எலுமிச்சம்பழம் வெக்கலயே?"

"எடம் பத்தலண்ணே."

அமிர்தசாமி குலுங்கின குலுங்கலில் தலை சைலன்சரில் போய் இடித்தது. "அங்க இன்னாங்க சிரிப்பு?" என்று மேலிருந்து சிஸ்டரின் குரல் வந்தது. துரைக்கண்ணுக்குச் சிரிப்பு வரவில்லை. உண்மை தெரிந்தால் பேட்டரி திருடன் என்ற பெயர் போகும். சொன்ன பேச்சைக் கேட்காமல் வண்டியைக் கெடுத்தவன் என்ற பெயர் வரும். எப்படியும் சாவி கையை விட்டுப் போய்விடும். அவன் கண் கலங்கியதைப் பார்த்ததும் அமிர்தசாமியின் சிரிப்பு நின்றுவிட்டது. ஆக்சா பிளேடால் அந்தச் சந்தனத்தைத் தம் உள்ளங்கையிலேயே சுரண்டி வாங்கினார். ஒரு துகள் கீழே விழவில்லை. உப்புத்தாள் போட்டு இரும்பைப் பளபளவென்று தேய்த்து, வயரை வைத்து முறுக்கினார்.

எஞ்சின் மறுபடி ஓடியது. பல்பு இப்போது இரண்டு இடத்திலும் ஒரே மாதிரி எரிந்தது. கட்டிலுக்குப் பக்கத்தில் ஃபிரிட்ஜ் உறுமியது. சிஸ்டர் மருந்துப் பெட்டியை உள்ளே வைத்துவிட்டு, கதவின்மேல் கையை ஊன்றி ஒரு நிமிஷம் கண்ணை மூடிக்கொண்டார்.

"எதனாலங்க?"

"எர்த்து போல்ட்டு புடிப்பு இல்ல சிஸ்டர். புதுப் பேட்டரி மாட்டனப்புறம் அத யாரும் தொடல. தெனம் ராத்திரி கழட்டி மாட்டியிருந்தா இந்தக் கிளாம்புல கீறல் கீறலா இருக்கணும், நீங்களே பாருங்க. ஆபீஸ்ல யாருக்காச்சும் சந்தேகம்னா, என்னை வந்து கேக்கச் சொல்லுங்க."

சிஸ்டர் குனிந்து பார்த்தார். விழுப்புரத்தில் மாட்டியபோது விழுந்த ஒரு கீறல்தான் இருந்தது. "துரைக்கண்ணு, நாளைக்குக் காலையில ஆறு மணிக்கு வண்டிய எடுத்துடு" என்றார். இன்றைக்கும் அந்தக் கடையைத் தாண்டும்போது துரைக்கண்ணு ஹாரனை ஒரு தட்டுத் தட்டாமல் போவதில்லை. அன்றைக்கு ஒரு நன்றிகூடச் சொல்லாமல், விரித்த கோணியை மடித்துக்கொண்டிருந்தான். அந்த நேரம் பார்த்து, சிஸ்டர் அமிர்தசாமியின் கையைக் கவனித்துவிட்டார்.

"விரல்ல இன்னாங்க மஞ்சளா? சந்தன வாசனை வேற வருது?"

துரைக்கண்ணு மடித்த கோணியை மறுபடி விரித்தான்.

"காலையில ஒரு கல்யாண வூட்டுக்குப் போயிருந்தேன் சிஸ்டர்" என்ற அமிர்தசாமி, துருவும் கிரீசும் கலந்த அந்த விரல்களைத் தூக்கி, கழுத்தின் இரண்டு பக்கமும் நிதானமாகத் தடவிக்கொண்டார்.