இரண்டாவது சுற்று டிக்

செவ்வாய்க்கிழமை காலை இட்லி மாவைக் கரைத்துக்கொண்டிருந்தபோது பக்கத்து அல்வால் பகுதியிலிருந்து போன் வந்தது. "அம்ம இக லேரு, ஆன்ட்டி" என்றாள் கோமதி மேடத்தின் மகள்; அம்மா இனி இல்லை என்று. அந்தப் பெண்ணுக்கு அழுகைகூடத் தெலுங்கில்தான் வரும். மாவை அப்படியே வைத்துவிட்டு, எங்கள் லோத்குண்டா முனையில் ஆட்டோ பிடித்துப் போனேன்.

மேடம் எங்கள் ஒர்க்‌ஷாப்பின் கம்ப்யூட்டர் பிரிவில் டேட்டாபேஸைப் பார்த்துக்கொண்டவர். நான் அங்கே அட்டெண்டர். ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள். அவர் அதிகாரி, என்னைவிடப் பத்து வயது இளையவர். வந்த முதல் நாளே "சரோஜாக்கா" என்று கூப்பிட்டார். கடைசிவரை அதை மாற்றவில்லை.

புது மெஷின் வந்தால் டேட்டாபேஸ் சிடியை யாரையும் தொடவிட மாட்டார். முதலில் கெர்னலைச் சரிசெய்ய வேண்டும் என்பார். அது என்ன என்று ஒருநாள் கேட்டேன்.

"மெஷினுக்குள்ள இடத்தைப் பங்குபோட்டுக் குடுக்கிறது அதுதான்க்கா. டேட்டாபேஸ் பெரிய குடும்பம். எத்தனை பேரு வர்றாங்க, எவ்ளோ இடம் வேணும்னு முன்னாடியே சொல்லலன்னா மண்டபத்துல சண்டைதான்."

அந்த இடக்கணக்கு எண்களை அவர் மெஷினில் தட்டி உரக்கப் படிப்பார். நான் அந்த எண்கள் இருக்கும் தாளைப் பார்த்துத் திருப்பிச் சொல்லி "டிக்" என்பேன். "நான் அடிச்சதை நானே பார்த்தா என் கண்ணு எனக்குச் சாதகமாத்தான் பார்க்கும்" என்பார். பிறகு அதே எண்களை ஃபைலில் எழுதி, இன்னொரு சுற்று டிக். "இப்போ தட்டுறது இப்போதைக்குத்தான். மெஷினை அணைச்சா மறந்துடும். ஃபைல்ல எழுதினாதான் நிக்கும்."

ஸ்டோர்ஸ் கணக்கு முழுவதையும் புது மெஷினுக்கு மாற்றிய வெள்ளிக்கிழமை, முதல் சுற்று முடிந்ததும் மேனேஜர் உள்ளே வந்தார். அவர் பெயர் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. இந்தக் கட்டுரையில் அதற்கு இடமில்லை.

"கைக்கு, எதுக்கு இவ்ளோ நேரம்மா? உடனே சிடியைப் போடுங்க. டிக் கிக் எல்லாம் நக்கோ, வேணாம். சரோஜா, நீ போய் சமோசா வாங்கிட்டு வா."

நான் திரும்பி வருவதற்குள் டேட்டாபேஸ் ஏறி ஓடிக்கொண்டிருந்தது. எல்லோரும் கைதட்டினார்கள்.

திங்கட்கிழமை தலைமை அலுவலகத்திலிருந்து பெரியவர் பார்க்க வந்தார். அன்று காலைதான் எலெக்ட்ரீஷியன் லைன் மாற்ற மெஷினை அணைத்திருந்தார். மறுபடி போட்டபோது டேட்டாபேஸ் எழுந்திருக்கவே இல்லை.

"நான் அப்பவே சொன்னேன், இந்தம்மாவால முடியாதுன்னு. கிளார்க் வேலைக்கு மாத்திடலாம் சார்" என்றார் மேனேஜர், மேடம் காதுபடவே. பத்து வருஷம் அந்த மெஷின்களோடு பழகியவர், கீபோர்டில் மறுபடி மறுபடி தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் டீத்தட்டோடு நின்றேன். "மேடம், வெள்ளிக்கிழமை ஒரு சுத்துதான் டிக் போட்டோம். ரெண்டாவது சுத்துக்கு முன்னாடி சார் என்னைச் சமோசாவுக்கு அனுப்பிட்டாரு."

மேடம் ஃபைலைத் திறந்து பார்த்தார். எண்கள் இல்லை. அத்தனை பேர் முன்னால் வாய்விட்டுச் சிரித்தார்.

"சொல்லுங்கக்கா."

தாள் எதற்கு? பெரிய எண்ணில் தொடங்கி, கடைசியில் வரும் நான்கு எண்கள் வரை மனப்பாடமாகச் சொன்னேன். அவர் எழுதினார். மெஷினை அணைத்து மறுபடி போட்டார். டேட்டாபேஸ் எழுந்தது.

"எழுதாம விட்டது என் தப்பு சார்" என்றார் பெரியவரிடம். "இனிமே இவங்க இல்லாம எந்த மெஷினையும் தொடமாட்டேன்." மேனேஜரைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. மாற்றல் பேச்சு அதோடு போயிற்று. எனக்குத்தான் இன்னும் ஆறவில்லை. அந்தச் சமோசாவில் மூன்றைத் தின்றவர் அந்த மேனேஜர்.

போன் வந்த இந்தச் செவ்வாய்க்கிழமை மேடத்தின் மகள் அலமாரியிலிருந்து அந்தத் தாளை எடுத்துக் கொடுத்தாள். மேடம் அதை லேமினேட் செய்து வைத்திருந்தார். அடியில் அவர் கையெழுத்து: "இரண்டு சுற்று. சரோஜாக்கா இல்லாமல் தொடாதே."

மேடத்தின் தலைமாட்டில் உட்கார்ந்து உரக்கப் படித்தேன். கூடியிருந்தவர்கள் ஏதோ மந்திரம் என்று நினைத்துக் கைகூப்பினார்கள். கடைசி நான்கு எண்கள்: இருநூற்றைம்பது. முப்பத்திரண்டாயிரம். நூறு. நூற்றிருபத்தெட்டு. முடித்ததும் மறுபடி முதலிலிருந்து படித்தேன்.

ரெண்டு சுத்தும் டிக், மேடம். போயிட்டு வாங்க.