பலெர்மோவில் நான் நீதவானான கதை

மூன்று வருடங்களுக்கு முன்பு, இத்தாலியின் பலெர்மோ நகரில், ஒரேத்தோ ஆற்றுப் பக்கம் உள்ள எங்கள் கத்தோலிக்கப் பங்குக் கோயில் மண்டபத்தில் நடந்த சம்பவம் இது. அன்று நான் செய்தது சரியா பிழையா என்று எனக்கு இன்னும் முழுத் தெளிவு வரவில்லை. எழுதினாலாவது வருமா என்று பார்க்கிறேன்.

மன்னார், யாழ்ப்பாணப் பக்கத்து ஆட்கள் சேர்ந்து இங்கே ஒரு தமிழ்ச் சங்கம் வைத்திருக்கிறோம். பெருநாள், கலைவிழா, சனிக்கிழமைத் தமிழ் வகுப்பு, இவ்வளவுதான் அதன் வேலை. ஆனால் சண்டைக்குக் குறைவில்லை. எதையும் தலைவரே தீர்மானிப்பார். செய்து முடித்த பிறகுதான் மற்றவர்களுக்குத் தெரியவரும்.

அந்தக் கோடையில் என் மனைவியின் அண்ணன் அமெரிக்காவிலிருந்து வந்து எங்களோடு தங்கினார். குடியுரிமைப் பரீட்சைக்காக அந்த நாட்டு அரசாங்கம் எப்படி நடக்கிறது என்று பாடமாக்கிப் பாஸ் பண்ணியவர். எங்கள் கூட்டம் ஒன்றைப் பார்த்துவிட்டு அவரால் சும்மா இருக்க முடியவில்லை. எழும்பிவிட்டார்.

"சட்டம் போடுறவை ஒரு பக்கம், அதை நடத்துறவர் ஒரு பக்கம், சரிபிழை பாக்கிறவை இன்னொரு பக்கம். அமெரிக்காவில அப்பிடித்தான். ஒருத்தரும் தன்ர பாட்டுக்கு ஓடேலாது."

எல்லாருக்கும் பிடித்துவிட்டது. நாங்கள் தெரிவுசெய்யும் சபை விதி போடும். தலைவர் அதை நடத்துவார், பிடிக்காவிட்டால் மறுக்கலாம். சபையில் மூன்றில் இரண்டு பங்குப் பேர் மறுபடி கையுயர்த்தினால் அந்த மறுப்புச் செல்லாது. எல்லாவற்றுக்கும் மேலே, சங்கத்தின் அடிப்படைச் சட்டமாக ஒரு யாப்பு. ஒரு விதி யாப்புக்கு முரணா என்று பார்க்க ஒரு நீதவான். அந்தப் பதவிக்கு என்னைப் போட்டார்கள். நான் குறைவாகக் கதைக்கிற ஆள் என்பதைத் தவிர வேறு தகுதி எனக்கு இருந்ததாகத் தெரியவில்லை. கபோ சந்தைக்குப் பக்கத்தில் ஒரு சாப்பாட்டுக் கடைக் குசினியில் கணவாய் மீன் துப்புரவாக்குகிறவன் நான். வழக்கு ஒன்றும் வரப்போவதில்லை என்ற நம்பிக்கையில் தலையாட்டினேன்.

மச்சான் விமானம் ஏறிக் கொஞ்ச நாளிலேயே வழக்கு வந்துவிட்டது.

மொரிசியஸிலிருந்து வந்து வீட்டுவேலை செய்கிற தமிழ் வம்சாவளிக் குடும்பங்கள் பலெர்மோவில் இருக்கின்றன. பெரும்பாலும் சைவர்கள். தலைமுறைகளுக்கு முன்பே கடல் கடந்தவர்களின் வழிவந்தவர்கள் என்பதால் தமிழ் பேச வராது. அவர்களில் ஒரு தாய் தன் மகளை எங்கள் சனிக்கிழமை வகுப்புக்குக் கூட்டிவந்தார். அவரைப் பார்த்து இன்னும் சிலரும் பிள்ளைகளை அனுப்பினார்கள். முதலில் எல்லாருக்கும் சந்தோஷம். பிறகு முணுமுணுப்பு. ஆசிரியை ஒருவர்தான். புதுப் பிள்ளைகளுக்கு 'அ, ஆ' சொல்லிக்கொடுப்பதிலேயே வகுப்பு முடிந்துபோகிறது என்றார்கள். வகுப்புத் தொடங்கும்போது சொல்லும் செபத்துக்கு அந்தப் பிள்ளைகள் சிலுவை போடுவதில்லை என்றும் யாரோ சொன்னார்கள்.

கடைசியில் சபை ஒரு விதி போட்டது: இலங்கைக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு மட்டுமே வகுப்பு. தலைவர் மறுத்துவிட்டார். மனதுக்குள் அவரை மெச்சினேன். தன்னைக் கேட்காமல் விதி போட்ட கோபத்தில்தான் மறுத்தார் என்பது பிறகுதான் தெரிந்தது. சபை திரும்பவும் கூடியது. வேண்டியதற்கு மேலாகவே கைகள் உயர்ந்தன. அதில் ஒரு கை, சபையில் இருந்த என் மனைவியுடையது.

அடுத்த நாள் அந்த மொரிசியஸ் தாய் நான் வேலை செய்யும் குசினியின் பின்கதவுக்கு வந்து நின்றார். எங்கள் இருவருக்கும் பொதுவான மொழி இத்தாலியன்தான்.

"நீங்கள்தான் ஜூதிச்சே என்றார்கள். என் மகள் ஏன் போகக் கூடாது என்று யாரிடம் கேட்பது? உங்களிடம்தானே?"

ஜூதிச்சே என்றால் நீதவான். கணவாய் மை வழிந்த கையோடு நின்ற எனக்கு அந்தச் சொல்லைக் கேட்டுச் சிரிப்பும் வந்தது, பயமும் வந்தது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிய மண்டபத்துக்கு வாருங்கள் என்று சொல்லிவிட்டேன்.

வீட்டில் மனைவி விடவில்லை. "இஞ்சருங்கோ, எங்கட பிள்ளையளுக்குக் கிழமையில கிடைக்கிறதே அந்த ஒரு வகுப்புத்தான். அதுவும் இல்லாமல் போனா எங்கட மகன் இத்தாலியனாவே வளரட்டும் எண்டு விடுறியளோ?"

அவள் சொன்னதிலும் பிழையில்லை. அதுதான் என்னைக் குழப்பியது. மத்தியான இடைவேளையில் சந்தைப் பக்கம் போய், மீன்காரர்களின் கூச்சலுக்கு நடுவே அமெரிக்காவுக்குப் போன் எடுத்தேன்.

"மச்சான், சபை போட்டிட்டுது. தலைவர் மறுத்தும் சபை விடேல்லை. இவ்வளவு பேர் சேர்ந்து செய்ததை நான் ஒருத்தன் எப்பிடி இல்லையெண்டுறது?"

"யாப்பைப் பாருங்கோ. யாப்புக்கு எதிரெண்டா இவ்வளவு பேர் சேர்ந்தாலும் செல்லாது."

"அமெரிக்காவில நீதவான்மார் சொன்னா அது சரியாத்தான் இருக்குமோ?"

அவர் சொன்னார்: "ஒருகாலத்தில வெள்ளைப் பிள்ளையளுக்கு ஒரு பள்ளிக்கூடம், கறுப்புப் பிள்ளையளுக்கு வேறை பள்ளிக்கூடம். அது சரியெண்டு சொன்னதும் பெரிய நீதிமன்றம்தான். கன காலத்துக்குப் பிறகு அது பிழையெண்டு சொன்னதும் அதே நீதிமன்றம்தான்."

தைரியம் தேடி எடுத்த போன் இருந்த தைரியத்தையும் கொண்டுபோய்விட்டது. படித்த நீதவான்களே பிழைவிட்டு, அந்தப் பிழைக்குள் எத்தனையோ பிள்ளைகள் வளர்ந்து பெரியவர்களாகிவிட்டார்கள் என்றால், நான் எந்த மூலைக்கு?

ஞாயிற்றுக்கிழமை மண்டபம் நிறைந்திருந்தது. சபையின் சார்பில் பேச எழும்பியது என் மனைவி. யாரோ சிரித்தார்கள். அவள் தமிழில் தொடங்க, அந்தத் தாய் ஒன்றும் விளங்காமல் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கும் விளங்க வேண்டும், இத்தாலியனில் சொல்லும் என்றேன். மனைவி என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு மொழியை மாற்றினாள்.

எங்கள் யாப்பின் முதல் வரி இதுதான்: தமிழைத் தன் மொழியாகக் கருதும் எவரும் இச்சங்கத்தில் சமம். எழுதியபோது அலங்காரத்துக்கு வைத்த வரி. இப்போது எல்லாமே அதில் வந்து நின்றது. "ஒரு சொல்லும் பேச வராதவர்களுக்கு அது எப்படித் தங்கள் மொழியாகும்?" என்று மனைவி கேட்டாள். நல்ல கேள்வி. அந்தத் தாயைப் பார்த்தேன்.

அவர் எழும்பி மெதுவாகச் சொன்னார்: "என் பெயர் தமிழ்ப் பெயர். என் மகளுடையதும்தான். எங்கள் பெயரை நாங்கள் சரியாக உச்சரிக்கிறோமா என்றுகூட எங்களுக்குத் தெரியாது. இது என் மொழி இல்லையென்றால், எனக்கு வேறு எது என்று நீங்களே சொல்லுங்கள்."

யாப்புத் தாளை எடுத்து அந்த முதல் வரியை மறுபடி வாசித்தேன். யாப்பில் 'பேசும்' என்று இல்லை, 'கருதும்' என்றுதான் இருக்கிறது, ஆகவே இந்த விதி செல்லாது என்றேன். வகுப்பில் நேரம் போதவில்லை என்பதும் உண்மைதான், அதற்கு வழி பார்ப்பது சபையின் வேலை, என்னுடையது இல்லை என்றும் சொன்னேன். தலைவர் வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார். சபை தோற்ற சந்தோஷம் அவருக்கு. அந்தக் கையை எனக்குப் பிடிக்கவில்லை.

அதோடு முடிந்ததா என்றால் இல்லை. எழுத்துத் தெரிந்தவர்களுக்கு ஓர் அறை, தெரியாதவர்களுக்கு வேறு அறை என்று சபை புது விதி போட்டது. யோசனை என் மனைவியுடையது. மச்சான் சொன்ன வேறு வேறு பள்ளிக்கூடம் இதுதானோ? ஆனால் யாரும் முறையிடாமல் நீதவான் வாய் திறக்க முடியாது. அந்தத் தாயோ, மகளுக்கு முதலில் எழுத்துத்தானே வேண்டும் என்று சம்மதித்துவிட்டார்.

அடுத்த சனிக்கிழமை ஆசிரியை ஒவ்வொரு பிள்ளையாகக் கூப்பிட்டு பாடப் புத்தகத்தில் ஒரு பந்தியை வாசிக்கச் சொன்னார். எங்கள் இலங்கைப் பிள்ளைகளில் பாதிப் பேர் தடுமாறினார்கள். வீட்டில் வாய் ஓயாமல் தமிழ் பேசும் என் மகன் மூன்றாவது சொல்லிலேயே நின்றுவிட்டான். அவனும் அந்தச் சிறுமியும் எழுத்துத் தெரியாதவர்கள் அறையில் ஒரே வாங்கில் பக்கத்தில் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்கள். மனைவி கதவடியில் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அன்று சோறு போடும்போது சொன்னாள்: "நீங்கள் சொன்னது பிழையெண்டுதான் நான் இப்பவும் சொல்லுவன். ஆனா அந்தப் பிள்ளையை இனிப் போ எண்டு சொல்ல எனக்கு ஏலாது."

என் தீர்ப்புப் பிடிக்காமல் இரண்டு இலங்கைக் குடும்பத்தார் பிள்ளைகளை வகுப்பிலிருந்து நிறுத்திக்கொண்டார்கள். அவர்கள் இன்றும் கோயில் வாசலில் என்னோடு கதைப்பதில்லை. அந்தப் பிள்ளைகள் தமிழ் இல்லாமல் வளர்வதற்கு நானும் ஒரு காரணமோ என்று சில நேரம் தோன்றும். பதவியை நான் அடுத்த வருடமே விட்டுவிட்டேன். ஆனால் இப்போதும் ஏதாவது கூட்டத்தில் எல்லாக் கைகளும் ஒன்றாக உயரும்போது எனக்குள் ஒரு சின்னக் குழப்பம் எழும்பி, இந்த அறைக்கு வெளியே யார் நிற்கிறார்கள் என்று கேட்கிறது. அந்தக் குழப்பம் மட்டும் தெளியாமலே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.