‘ஏ’ வரிசையில் காணாமல் போன ஸ்டெல்லா

இன்று காலை என் போன் தானாகவே ஒரு யோசனை சொன்னது. ஒரே பெயரில் பலர் இருக்கிறார்களாம், எல்லாரையும் ஒன்றாகச் சேர்த்துவிடட்டுமா என்று கேட்டது. யாரென்று பார்த்தால் அத்தனை பேரும் ரங்கநாதன். ஸ்ரீரங்கத்தில் பிறந்து வளர்ந்தவளிடம் கேட்கிற கேள்வியா இது? பால் போடுகிறவர் ரங்கநாதன், இன்ஷூரன்ஸ் பிடிக்கிறவர் ரங்கநாதன், என் வீட்டுக்காரரின் சித்தப்பா ரங்கநாதன். இவர்களை ஒருவராக்கினால் ‘நாளைக்கு அரை லிட்டர் போதும்’ என்ற செய்தி சித்தப்பாவுக்குப் போகும். அவர் ஏற்கெனவே எதையாவது சாக்கு வைத்துக் கோபித்துக்கொள்கிற மனிதர். வேண்டாம் சாமி என்று போனை மூடி வைத்தேன்.

எங்கள் பக்கத்தில் இந்தக் குழப்பத்துக்கெல்லாம் இனிஷியல்தான் மருந்து. தெருவில் நின்று ‘ரங்கா’ என்று கூப்பிட்டால் ஆளுக்கொரு வாசலிலிருந்து எட்டிப் பார்ப்பார்கள். ‘கே.ஆர்.’ என்றால் ஒருவர்தான் வருவார். அப்பாவின் பெயரில் முதல் எழுத்து நம் பெயருக்கு முன்னால் காவலுக்கு நிற்கும். பெண்களுக்கு மட்டும் கல்யாணம் ஆனதும் அந்த எழுத்து மாறிவிடும், புருஷன் எழுத்து வந்து உட்கார்ந்துகொள்ளும். நானும் ஒரு நாள் காலையில் ‘வி’யாக எழுந்து, சாயங்காலம் ‘எஸ்’ ஆனவள்தான். அப்போது அதைப் பற்றி யோசிக்கவே இல்லை, பட்டுப்புடவை குத்துகிறதே என்றுதான் யோசித்தேன்.

கம்ப்யூட்டருக்குப் பாவம், இந்தக் கதையெல்லாம் தெரியாது. கல்யாணத்துக்கு முன்னால் சத்திரம் பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு சின்ன கம்ப்யூட்டர் கடையில் சர்வீஸ் வேலை பார்த்தேன். ஒரு ஸ்கூட்டி, ஒரு ஸ்க்ரூடிரைவர் பை, கொஞ்சம் தைரியம். கதவைத் திறப்பவர்கள் என்னைத் தாண்டி கேட் பக்கம் பார்ப்பார்கள். “இன்ஜினியர் பின்னாடி வர்றாராம்மா?” என்பார்கள். “நான்தாங்க” என்றால் முகம் கொஞ்சம் வாடும். உண்மையில் என் வித்தை பெரும்பாலும் மெஷினை அணைத்து மறுபடி போடுவதுதான். ஆனால் அணைப்பதற்கு முன்னால் புருவத்தைச் சுருக்கி ‘ம்ம்ம்’ என்று ஒரு நீளமான சத்தம் கொடுப்பேன். அதற்குத்தான் சம்பளம் என்று நினைக்கிறேன்.

அந்த நாட்களில் அடிக்கடி வரும் புகார் ஒன்று: மெயில் புரோகிராமில் அட்ரஸ் புக் இருக்கும், அதில் இருந்த ஆளைக் காணோம். பத்தில் ஒன்பது தடவை ஆள் அங்கேயேதான் இருப்பார். இனிஷியலை முன்னால் போட்டுப் பெயரை அடித்திருப்பார்கள், புரோகிராம் அதையே பெயர் என்று நம்பி அந்த எழுத்தில் கொண்டுபோய் அடுக்கியிருக்கும். குப்புசாமியை ‘கே’யில் தேடிக்கொண்டிருப்பார்கள், அவர் ‘டி’யில் சௌக்கியமாக இருப்பார்.

சுக்கு வாசனை எங்கே வந்தாலும் எனக்குக் காட்டூர் ஞாபகம் வருவதும் இப்படி ஒரு புகாரால்தான். புகார் வந்து அங்கே ஆரோக்கியசாமி சார் வீட்டுக்குள் நுழைந்ததுமே சுக்கும் மிளகும் வெல்லமும் நெய்யில் கிண்டுகிற வாடை மூக்கைத் துளைத்தது. அடுக்கடுக்காகத் தும்மினேன். திருவெறும்பூர்ப் பக்கம் பெரிய ஃபேக்டரியில் ஃபோர்மேனாக இருந்து ரிட்டயர் ஆனவர் சார். வெளுத்த அரைக்கைச் சட்டை, பாக்கெட்டில் இன்னும் பேனா. அவர் மனைவி லூர்துமேரி, பள்ளிக்கூட டீச்சர். உள்ளே பிரசவ லேகியம் கிண்டிக்கொண்டிருந்தவர் அவர்தான்.

“என்ன பிரச்சினைங்க சார்?”

“ஒரு ஆளைக் காணோம்மா, மெயில்ல.”

“யாருங்க சார்?”

“ஒரு... ஒரு காண்டாக்ட்.”

பெயரைச் சொன்னால் அரை நிமிஷத்தில் தேடிவிடலாம். மனுஷர் சொல்லவில்லை. நான் ‘ம்ம்ம்’ கொடுத்தேன், அணைத்தேன், போட்டேன். அட்ரஸ் புக்கைத் திறந்தால் குடும்பமே ‘ஏ’யில் வரிசையாக நிற்கிறது, ஏ. ஆரோக்கியசாமி, ஏ. லூர்துமேரி. சாரின் விரல் அந்த வரிசையில் மேலும் கீழும் போய்வந்தது. மறுபடி கேட்டேன். சார் பேனாவை எடுத்து மூடியைத் திருகினார். உள்ளேயிருந்து டீச்சரின் குரல் கேட்டது.

“யாரைத் தேடுறாருன்னு அவரையே வாயைத் தொறந்து சொல்லச் சொல்லுங்க பாப்பா. நான் சொல்ல மாட்டேன்.”

நல்ல வீட்டில் வந்து மாட்டிக்கொண்டோம் என்று நினைத்தேன். தண்ணீர் கேட்கிற சாக்கில் அடுக்களைக்குப் போனேன். டீச்சர் கரண்டியை நிறுத்தாமலே எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். ஒரே மகள் ஸ்டெல்லா. கூட வேலை பார்த்த முருகேசனை ரிஜிஸ்டர் கல்யாணம் செய்துகொண்டு கோயம்புத்தூரில் இருக்கிறாள். வேற மதம் என்று சார் அன்றைக்கு மூடிய வாய்தான், இந்த இரண்டு வருஷமாக மகள் பேரைக்கூடச் சொல்வதில்லை. அவள் வாராவாரம் மெயில் போட்டாள், சார் படித்தார், பதில் கிடையாது. இப்போது நிறைமாசம், கொஞ்ச நாளாக மெயிலும் வருவதில்லை.

“தலைப்பிரசவத்துக்குப் பொண்ணை இங்க அழைச்சுட்டு வர்றதுதானே வழக்கம்? கூப்பிட வேண்டிய மனுஷன் கூப்பிடல. நாளைக்கு நான்தான் மூட்டை கட்டிட்டுப் போறேன்” என்றார். கரண்டி சட்டியின் விளிம்பில் இடித்தது. எனக்கு அவர் மேல் பாவமாகவும் சார் மேல் கோபமாகவும் இருந்தது.

அந்தக் கோபத்தோடு திரும்பி வந்தேன். சார் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். மெதுவாக என்னிடம் ஒன்று கேட்டார்.

“ரேஷன் கார்டுல, இங்க பேரை எடுத்தாத்தானே அங்க சேர்ப்பாங்க? இதுவும் அப்படித்தானாம்மா? அவங்க அங்கேருந்து நம்மள எடுத்துட்டா, இங்கயும் பேரு போயிடுமா?”

சிரிப்பு வந்துவிட்டது. அவர் முகத்தைப் பார்த்ததும் அடக்கிக்கொண்டேன். மனிதர் உண்மையிலேயே பயந்துபோயிருந்தார். பதில் போடாமல் இருந்த அப்பாவை மகள் கார்டிலிருந்து நீக்கிவிட்டாள் என்று நம்பிக்கொண்டு, எத்தனை நாளாக இந்த ‘ஏ’ வரிசையைத் தடவிக்கொண்டிருந்தாரோ.

“அப்படியெல்லாம் போகாதுங்க சார். பேரை மட்டும் சொல்லுங்க, நான் எடுத்துத் தரேன்.”

அடுக்களையில் கரண்டிச் சத்தம் நின்றது. சார் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“என் பொண்ணு. ஸ்டெல்லா.”

டீச்சர் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு அடுக்களை வாசற்படிக்கு வந்து நின்றார். கண் கலங்கியிருந்தது, குரல் மட்டும் வகுப்பறைக் குரல்.

“எம்-ல பாருங்க.”

“எம்-மா?” என்றேன் நான்.

“மாப்பிள்ளை பேரு முருகேசன். கல்யாணம் ஆனா இனிஷியல் மாறாதா? நான்தான் மாத்திப் போட்டேன். அட்ரஸ் புக்கும் ஒரு ரிஜிஸ்டர்தானே, சரியா இருக்க வேணாமா?”

முப்பது வருஷம் அட்டெண்டன்ஸ் எடுத்த கை சும்மா இருக்குமா? இருந்தாள், எம். ஸ்டெல்லா, தன் இடத்தில். சார் அந்த ‘எம்’மை வெகுநேரம் பார்த்தார். தன் எழுத்து இருந்த இடத்தில் அந்தப் பையனின் எழுத்து. நான் என் மேதாவித்தனத்தைக் காட்ட, “வேணும்னா ஏ-லயும் ஒண்ணு போட்டுடலாங்க சார், ரெண்டு இடத்துலயும் இருக்கட்டும்” என்றேன்.

“வேணாம்மா. அதான் சரி. இருக்கட்டும்.”

பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். “நீங்க கொஞ்சம் அந்தப் பக்கம் இருங்க” என்றார். நானும் டீச்சரும் அடுக்களையில் நின்றோம். டீச்சர் சூடு ஆறாத லேகியத்தில் ஒரு உருண்டை பிடித்து என் கையில் வைத்தார். எனக்குக் கல்யாணமே ஆகவில்லை, பிரசவ லேகியம் தின்றுகொண்டிருக்கிறேன். கூடத்தில் ‘டொக்’ என்று ஒரு சத்தம், வெகுநேரம் கழித்து இன்னொரு ‘டொக்’.

“என்ன எழுதுறாருன்னு பாக்கட்டுங்களா டீச்சர்?”

“வேணாம் பாப்பா. அது அவங்க ரெண்டு பேருக்குள்ள.”

சார் கூப்பிட்டு, “போயிடுச்சான்னு மட்டும் பாருங்க, படிக்காதீங்க” என்றார். போயிருந்தது. டெலிபோன் லைனில் ஓடிக்கொண்டிருந்த இன்டர்நெட் இணைப்பைத் துண்டிக்கப் போனேன், தடுத்துவிட்டார். பதில் வருமாம். நான் கிளம்பும்போதும் மெஷின் முன்னாலேயே உட்கார்ந்திருந்தார். பேரன் பிறந்த சேதியைப் பிற்பாடு டீச்சர் போனில் சொன்னார். சாரும் கூடவே போனாராம், கோயம்புத்தூர் வரைக்கும் லேகியத் தூக்கை மடியிலிருந்து இறக்கவே இல்லையாம். அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமை தவறாமல் மகளுக்கு மெயில் எழுதினாராம், பெரும்பாலும் பேரனைக் குளிப்பாட்டுவது எப்படி என்று.

சாரும் போய்விட்டார், டீச்சரும் போய்விட்டார். போன வருஷம் காட்டூர் வீட்டை ஒழிக்க ஸ்டெல்லா வந்திருந்தாள். பழைய சிபியுவில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரில் என் நம்பர் இருந்ததால் கூப்பிட்டாள். தலைமுடியில் லேசாக நரை, அப்படியே டீச்சர் முகம்.

“அப்பா எனக்குப் போட்ட மெயிலெல்லாம் இதுலேருந்து எடுக்க முடியுமாக்கா? என் பக்கம் எதுவும் இல்ல. அந்த மெயில் கம்பெனியையே மூடிட்டாங்க.”

ஹார்ட் டிஸ்க் சுழலவே இல்லை. தெரிந்தவர்களிடமெல்லாம் கொண்டுபோய்க் காட்டினேன், எல்லாரும் உதட்டைப் பிதுக்கினார்கள். கிடைக்கவில்லைம்மா என்று அவளிடம் சொல்ல வேண்டியிருந்தது. என் வேலையில் நான் இவ்வளவு வெட்கப்பட்டதில்லை.

“பரவால்லக்கா. முதல் மெயில் மட்டுமாவது இருந்தா நல்லாருந்திருக்கும்.”

“அன்னைக்கு நான் அங்கதான் இருந்தேன். ரொம்ப நேரம் எழுதினாரே, என்னம்மா எழுதியிருந்தாரு?”

“‘நானும் வரலாமா’ன்னு. அவ்வளவுதாங்க்கா.”

ஹார்ட் டிஸ்கை வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டே, “எங்கப்பா யார்கிட்டயும் எதுக்கும் அப்படிக் கேட்டதே இல்லக்கா” என்றாள். அந்த இரண்டு வார்த்தை இன்றைக்கு எந்த மெஷினிலும் இல்லை, அவளிடம் மட்டும்தான் இருக்கிறது.