காஷ், கிரைக்கி, ரெஜினா

ரெஜினா போய்விட்டாள். இன்று காலை, வில்லியனூரில், மகள் வீட்டில்.

மகள்தான் போன் செய்து சொன்னாள். ரெஜினாவுக்குத் தொண்ணூற்றிரண்டு வயது. எனக்கும் அதேதான். நானே டைப் செய்கிறேன், தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்...

எனக்கு அவளைப் பிடிக்காது. செத்துவிட்டாள் என்பதற்காக மாற்றி எழுத முடியவில்லை.

பிரெஞ்சுக்காரர் காலம். பாகூர் பக்கம் கன்னியர் பள்ளியில் நாங்கள் ஒரே பெஞ்ச். என் அப்பா கடலூரில் ஓர் இங்கிலீஷ் என்ஜினியருக்கு டிரைவர். அந்த வீட்டில் ஆச்சரியப்பட்டால் 'காஷ்' என்பார்கள். அப்பா வாயிலிருந்து அது என் வாய்க்கு வந்துவிட்டது.

மாதா திருவிழாவில் சிலைக்குச் சூட்டும் கிரீடத்தை ஏந்த என்னைத்தான் தேர்ந்தெடுத்திருந்தார்கள். அந்த வாரம் வகுப்பில் மைக்கூடு கவிழ்ந்தது. 'காஷ்' என்றேன்.

ரெஜினா எழுந்தாள். "மதர், இவ சாமி பேர வீணா சொல்றா. 'காட்'னு சொல்ல பயந்துக்கினு வெள்ளக்காரன் 'காஷ்'னு மாத்திக்கினான். எங்க அண்ணன் சொல்லிச்சு."

பிரெஞ்சு மதருக்கு இங்கிலீஷ் தெரியாது. 'சாமி பேர்' மட்டும் புரிந்தது. கிரீடம் ரெஜினாவுக்குப் போனது.

ஞாயிற்றுக்கிழமை அப்பாவோடு போய் என்ஜினியர் வீட்டு டிக்‌ஷனரியைப் புரட்டினேன். அவள் சொன்னது பொய் என்று காட்டத்தான்... உண்மையாகவே இருந்தது.

அப்புறம், அண்ணனிடம் பிடித்துக்கொண்டு ஆச்சரியப்பட்டால் அவள் அடிக்கடி சொல்லும் 'கிரைக்கி' என்ற இங்கிலீஷ் வார்த்தையைத் தேடினேன்.

கிறிஸ்து. அதே மாதிரி திரித்த பெயர்.

மூன்று நாள் காத்திருந்தேன். ஒத்திகையில் கிரீடத்தைக் கையில் கொடுத்ததும் அவள் அந்த வார்த்தையைச் சொன்னாள். நான் கை தூக்கினேன்.

"மதர், இவ ஏசு பேரையே திரிச்சு சொல்லிட்டா. டிக்‌ஷனரில கீது."

கிரீடத்தை வேறு யாரோ ஏந்தினார்கள். ரெஜினாவின் அப்பா மாதா கோயிலில் வேதம் சொல்லிக்கொடுக்கும் உபதேசியார். மானம் போய்விட்டது என்று மறுநாளே அவளைப் பள்ளியை விட்டு நிறுத்திவிட்டார்.

இவ்வளவு ஆகும் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் அன்றைக்கு இரண்டு தட்டு சோறு சாப்பிட்டேன். மறைக்க மாட்டேன்.

பல வருஷம் கழித்து வில்லியனூர் சந்தையில் எதிரே வந்தாள். நான் அப்போது டீச்சர்.

"நான் படிக்காம போனது உன்னாலதான்டி."

"மொதல்ல ஆரம்பிச்சது யாரு?" என்றேன்.

அவ்வளவுதான். அதன்பிறகு பேச்சே இல்லை.

இன்று மகளிடம், "அடக்கம் எத்தினி மணிக்கும்மா?" என்று கேட்டேன்.

"டீச்சரம்மா, தப்பா எடுத்துக்காதீங்க... சேதி சொல்லணும், ஆனா நீங்க வரக்கூடாதுன்னு அம்மா சொல்லிட்டுப் போயிருக்காங்க."

சரி ரெஜினா. வரவில்லை. போய் வா.