வெள்ளையாக நின்ற பக்கம்

தில்லைநகரில் ஒரு சின்ன கம்பெனி. ஒரே ஒரு வேலைக்கு இருபது பேர் வந்திருந்தோம். அரை மணி நேரத்தில் எச்டிஎம்எல்லில் ஒரு வலைப்பக்கம் எழுதிக் காட்ட வேண்டும். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். இதுவும் போனால் மண்ணச்சநல்லூர் அரிசி மில்லில் அப்பாவோடு மூட்டை தூக்கத்தான் போக வேண்டும்.

பக்கத்து சிஸ்டத்தில் என் வயதுப் பெண் ஒருவர். ஒல்லியான முகமெல்லாம் வியர்வை. ஒவ்வொரு வரிக்கு முன்னாலும் விரல்களைத் துப்பட்டாவில் துடைத்துக்கொண்டார். என்னைவிடப் பயந்தவர் என்று தெரிந்ததும் எனக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது.

பத்து நிமிடம் மிச்சமிருக்கும்போது மெல்லக் கேட்டார். "ஏங்க, எல்லாம் அடிச்சிட்டேன். பக்கம் வெறும் வெள்ளையா நிக்குது. ஏன்னு தெரியுதாங்க?"

எட்டிப் பார்த்தேன். தலைப்பு இங்கே தொடங்குகிறது என்று சொல்லும் டேகைத் திறந்தவர், முடிகிறது என்று சொல்லும் டேகைப் போட்டு அதை மூடவில்லை. கீழே எழுதிய அத்தனையையும் அது விழுங்கியிருந்தது. அதே தப்பைச் செய்து நானும் ஒருநாள் முழுக்கத் தவித்திருக்கிறேன்.

"தெரியலைங்க" என்றேன்.

வேலை எனக்குக் கிடைத்தது. பஸ் ஸ்டாப்பில் அவரும் வந்து நின்றார். திட்டுவாரோ என்று தலையைக் குனிந்துகொண்டேன்.

"உங்களுக்குத் தெரியும்னு அப்பவே உங்க மூஞ்சில தெரிஞ்சுதுங்க. நானா இருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன்" என்று சிரித்துவிட்டு, ஸ்ரீரங்கம் பஸ்ஸில் ஏறிப் போய்விட்டார்.

அது உண்மையா, எனக்காகச் சொன்னதா? இப்போது எந்த டேகைத் திறந்தாலும் உடனே மூடிவிட்டுத்தான் உள்ளே எழுதுகிறேன். ஆனாலும் திரை ஒரு நொடி வெள்ளையாக நின்றால் போதும், பக்கத்தில் யாரோ விரலைத் துடைத்துக்கொண்டு என்னிடம் கேட்கப்போவதுபோல் பயம் வந்துவிடுகிறது.