வாய் மூடிய மீன்

துணிப்பொம்மைக் கண்காட்சிக்கு மேசைகள் போட்டு முடித்த காலையில் எனக்குப் பேசவே தெம்பில்லை. “மட்டக்களப்பு என்றதும் நினைவுக்கு வருவதைத் தைத்து வாருங்கள்” என்று பொம்மை தைக்கும் பெண்கள் எல்லாரிடமும் சொன்னது என் பிழைதான். எங்கள் வாவியில் மீன் பாடும் என்பது ஊரறிந்த கதை; ஆளுக்கொரு பாடும் மீனோடு வந்துவிட்டார்கள். மண்டபம் முழுக்கச் சிவப்பு வாயைப் பிளந்த பஞ்சு மீன்கள்.

கடைசியாக வந்தவர் குருக்கள்மடம் என்ற ஊர்ப் பெண். மெலிந்த உயரமான உடம்பு, சேலைத் தோளில் குத்திய ஊசி. மேசை மேசையாகப் போய், சந்தையில் மீன் வாங்குபவரைப்போல ஒவ்வொரு பொம்மையின் வயிற்றையும் பெருவிரலால் அழுத்திப் பார்த்தார். பிறகு தன் பையிலிருந்து அவர் எடுத்ததும் மீன்தான். ஆண்கள் உடுத்தும் பழைய சாரன் துணியில் தைத்தது. வாயை மட்டும் காணவில்லை.

“அக்கா, வாய் வைக்க மறந்திட்டீங்களே,” என்றேன். குரலில் எரிச்சல் இருந்திருக்கும்.

“மறக்கல்ல மிஸ். மூடிக் கிடக்கு.” மெல்லிய தையல் ஒன்றை நகத்தால் காட்டினார். “எங்கட வீட்டுக்காரர் வாவியில தோணி விடுறவர். துடுப்பைத் தண்ணிக்குள்ள விட்டு மற்ற நுனியைக் காதில வெச்சாப் பாட்டுக் கேக்குமாம். வாய் திறந்த மீனை நான் வலையிலதான் கண்டிருக்கன். எல்லாம் செத்த மீன்.”

சொல்லிவிட்டுத் தேநீர் குடிக்கப் போய்விட்டார்.

அன்று வந்தவர்கள் வாய் பிளந்த மீன்களோடு நின்று படம் எடுத்தார்கள். “பாடுது பாருங்க,” என்றார்கள். நானும் ஓம் ஓம் என்று தலையாட்டினேன். உள்ளே பஞ்சுதான் என்று தெரியும். ஆனாலும் மாலையில் மண்டபத்தைப் பூட்டும்போது எனக்கு மீன்வாடை அடித்தது.