இரண்டு பெயருக்கு ஐந்து சுமங்கலிகள்

எங்கள் ஊர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில், மக்காச்சோள மண்டிக்குப் பக்கத்தில், ஒரு கருங்கல் தூண் நிற்கிறது. தலைகீழாகக் குத்திய துப்பாக்கி, அதன்மேல் இரும்புத் தொப்பி, கீழே இரண்டு பெயர்கள். முதல் பெயர் என் வீட்டுக்காரருடையது. அரியலூர் பக்கமிருந்து சுண்ணாம்புக்கல் லாரிகள் வந்து போவதில் தூசி படிந்துவிடும். பஸ் ஏறப் போகும்போது முந்தானையால் ஒரு துடைப்பு துடைத்துவிட்டுத்தான் போவேன். பார்க்கிறவர்கள் பார்க்கட்டும்.

அவர் இறந்தது நம் நாட்டு எல்லையில் இல்லை. இலங்கையில் உள்நாட்டுப் போர் நடந்தபோது அமைதிப்படை என்று அனுப்பினார்களே, அதில் போனார். கல்யாணமாகி இரண்டாவது வருஷம். உடம்பு வரவில்லை. அங்கேயே எரித்துவிட்டோம் என்று தாள் வந்தது, பின்னால் ஒரு கறுப்பு டிரங்குப் பெட்டி வந்தது. துக்கம் கேட்க வந்தவர்களிலேயே சிலர், "நம்ம சனத்தையே சுடப் போனவந்தானே" என்று வாசல் தாண்டியதும் பேசினார்கள். என் காதில் நன்றாகவே விழுந்தது. எங்கே போகிறாய் என்று அவரைக் கேட்டுவிட்டா அனுப்பினார்கள்? அதன் பிறகு அவர் பெயரை ஊரில் யாரும் எடுப்பதில்லை. நல்லபடியாகவும் இல்லை, கெட்டபடியாகவும் இல்லை. முப்பது வருஷத்துக்கு மேல் அப்படியே போனது.

அதனால்தான், பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்று வந்தவர்கள் சேர்ந்து ஊரில் நினைவுத்தூண் வைக்கப்போகிறோம் என்றபோது எனக்குத் தலைகால் புரியவில்லை. பெயர் வெட்டிய அன்று ஒரு ஸ்டூலைப் போட்டுக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். "போய்ட்டு சாயங்காலமா வாங்கம்மா" என்று வெட்டுகிறவர் சொல்லிப் பார்த்தார். "நீங்க வெட்டுங்க, நான் பாத்துக்கிட்டு இருக்கேன்" என்றேன். இரண்டாவது பெயர், சில வருஷங்களுக்கு முன் வடக்கு எல்லையில் இறந்த பையனுடையது. அவன் மனைவிக்கு இன்னும் முப்பது வயது ஆகவில்லை. திறப்பு விழாவுக்கென்று பெரம்பலூர் போய் மாம்பழக் கலரில் ஒரு பட்டுச்சேலை எடுத்தேன். யாருக்கு என்று கடைப் பெண் கேட்டாள். எனக்குத்தான் என்றேன்.

விழாவுக்கு நான்கு நாள் இருக்கும்போது, ஏற்பாடுகளைக் கவனித்த முன்னாள் ராணுவக்காரன் அழைப்பிதழோடு வந்தான். நாற்பது வயதைத் தாண்டியவன். ஆனாலும் எனக்கு அவன் சின்னப் பையன்தான். நான் பள்ளிக்கூடத்தில் சத்துணவு அமைப்பாளராக இருந்தவள். பிள்ளைகள் எல்லோருக்கும் நான் டீச்சர், இவன் உட்பட. கார்டைப் பிரித்தேன். குத்துவிளக்கு ஏற்றுவோர் என்று ஐந்து பெண்களின் பெயர், கவுன்சிலர் மனைவியில் தொடங்கி. என் பெயரும் அந்தப் பையனின் மனைவி பெயரும் கடைசிப் பக்கத்தில் இருந்தன.

"இந்த அஞ்சு பேரும் யாரு?"

"சுமங்கலிங்க டீச்சர். ஆரம்பம் மங்களகரமா இருக்கணும்னு பெரியவங்க சொல்லிட்டாங்க. நீங்க ரெண்டு பேரும் பொறவு வந்தா போதும். சால்வை போடறப்ப கூப்புடுறோம்."

எனக்குக் கோபம் மூக்கு மேல் நிற்கும். இது ஊரறிந்த விஷயம்.

"தூணு யாருக்குடா வச்சிருக்கீங்க?"

அவன் கார்டுக் கட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான்.

"செத்தவங்களுக்கு. செத்தவன் பொண்டாட்டி எப்படிடா சுமங்கலியா இருப்பா? பள்ளிக்கூடத்துல சமையல் ஆளு வெறகை வீணாக்குறான்னு தெனமும் நான்தான் அடுப்பு பத்த வச்சேன். அதுல வெந்த சோத்தைத் தின்னுதானே நீயெல்லாம் பட்டாளத்துக்கு ஆளானே. அன்னைக்கு அடுப்புக்கு ஆன கை, இன்னைக்குத் திரிக்கு ஆவாதா?"

"கார்டு அடிச்சு ஊரெல்லாம் குடுத்தாச்சு டீச்சர்."

"அப்ப எம் புருஷன் பேரைக் கல்லுலேந்து எடுத்துடுங்க."

அவன் எழுந்து போய்விட்டான். போன பிறகுதான் எனக்கு உறைத்தது. வாயை விட்டுவிட்டேன். நிஜமாகவே எடுத்துவிட்டால்? அவரை எரித்த இடம் எது என்றுகூட எனக்குத் தெரியாது. அவருக்கென்று இந்த மண்ணில் இருப்பது அந்த ஒரு வரிதான். அதையும் என் வாயாலேயே வேண்டாம் என்று சொல்லியாகிவிட்டது. மறுநாள் அந்தச் சின்னப் பெண்ணின் வீட்டுக்குப் போனேன், நாம் இருவரும் சேர்ந்து கேட்போம் என்று. அவள் மாமியார்தான் பதில் சொன்னாள். "அதெல்லாம் எங்க வூட்டுக்கு ஆவாதுங்க. நாலு பேரு பேசுவாங்க. அவளை விட்டுருங்க." அந்தப் பெண் கதவோரம் நின்றாள். ராணுவக்காரனிடமிருந்தும் எந்தத் தகவலும் இல்லை. ஒவ்வொரு நாளும் பஸ் ஸ்டாண்டு பக்கம் போய், பெயர் இருக்கிறதா என்று தூரத்திலிருந்து பார்த்துவிட்டு வந்தேன்.

விழா அன்று காலை மாம்பழக் கலர்ச் சேலையைக் கட்டிக்கொண்டு போனேன். பெயர் இருந்தது. மைக்கில் ஐந்து பேரையும் கூப்பிட்டார்கள். ஐவரும் தட்டோடு, தூணை ஒட்டிப் போட்டிருந்த மேடையில் ஏறினார்கள். கவுன்சிலர் மனைவி கையில் மெழுகுவத்தி. என்னை யாரும் கூப்பிடவில்லை. நானே எழுந்து நடந்தேன். பின்னால் முணுமுணுப்பு கேட்டது.

கவுன்சிலர் மனைவியும் என் பள்ளிக்கூடத்துப் பிள்ளைதான். முட்டை போடும் நாளில் இரண்டாவது தடவையும் தட்டை நீட்டி நிற்பவள். என்னைப் பார்த்தாள், மைக் பக்கம் நின்ற ராணுவக்காரனைப் பார்த்தாள். அவன் தலையை மட்டும் ஆட்டினான்.

"புடிங்க டீச்சர்" என்று மெழுகுவத்தியை என் கையில் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொண்டாள்.

முதல் திரியை ஏற்றினேன். அடுத்ததற்கு முன் நிமிர்ந்து கூட்டத்தைப் பார்த்தேன். அந்தப் பெண் கடைசி வரிசையில் மாமியார் பக்கத்தில் குனிந்து உட்கார்ந்திருந்தாள்.

"வாம்மா" என்றேன்.

அவள் தலையைத் தூக்கவில்லை. மாமியார் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை, பயமாக இருந்தது. அந்த அம்மாள்தான் எழுந்தாள். மருமகளின் மணிக்கட்டைப் பிடித்து எழுப்பி, நாற்காலிகளுக்கு நடுவில் இழுக்காத குறையாகக் கூட்டிக்கொண்டு வந்தாள். யாரோ என்னவோ சொன்னார்கள்.

"எம் புள்ளைக்கு இவ ஏத்தாம வேற யாரு ஏத்துவா? வழிய வுடுங்க."

அந்தப் பெண் என் கையிலிருந்து மெழுகுவத்தியை வாங்கி இரண்டாவது திரியை ஏற்றினாள். மாமியார் அவள் தோளைப் பிடித்துக்கொண்டு கல்லில் மகன் பெயரையே பார்த்துக்கொண்டு நின்றாள். நாங்கள் மூன்று பேரும் ஊர் முழுக்கப் பார்க்க முன்னால் நின்றோம். அவருடைய பெண்டாட்டி என்று சொல்லிக்கொள்ள எனக்கு அன்றைக்கு இருந்த பெருமை, தாலி கட்டிய அன்றுகூட இருந்ததில்லை.